வீட்டுத் தண்ணீர், மழைநீர், கழிவுநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடுகளுக்கும் சிறு குடியிருப்புகளுக்கும் தண்ணீர் ஏற்பாடு செய்யும் வேலையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கூரையில் விழுவது, குழாயில் வருவது, சாக்கடையில் போவது என்று மூன்றையும் தனித்தனி வேலையாகப் பார்ப்பதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, கழிப்பறைக்கு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 50 முதல் 100 லிட்டர் இருந்தால் அடிப்படைத் தேவைகள் நிறைவேறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பேரிடர் முகாம்களில் குறைந்தபட்சமாக 15 லிட்டர் என்று வைத்துக்கொள்கிறார்கள். 2018இல் கேப் டவுன் நகரம் வறண்டபோது ஆளுக்கு 50 லிட்டர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு பெருநகரமே அந்த அளவோடு பல மாதம் ஓட்டியது.

மொத்த அளவைவிட அதற்குள் இருக்கும் பங்கீட்டைப் பாருங்கள். வாய்க்குள் போகும் தண்ணீர், அதாவது குடிப்பதும் சமையலும், ஆளுக்குப் பத்து லிட்டரைத் தாண்டாது. மீதி எல்லாம் கழுவவும் தள்ளிவிடவும்தான். இந்தப் பத்து லிட்டருக்கு வேண்டிய சுத்தத்தை நூறு லிட்டருக்கும் கொடுக்கப் போனால் பணமும் மின்சாரமும் கரையும். அதை விட்டுவிட்டு, எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை அந்தப் பிரிப்பைப் பற்றித்தான்.

கூரையிலிருந்து எவ்வளவு மழைநீர் கிடைக்கும்?

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 800 மி.மீ. மழை என்றால் 80,000 லிட்டர். தெறிப்பது, ஆவியாவது, வழிந்து போவது போக அதில் எண்பது சதவீதம் கைக்கு வரும் என்று வையுங்கள், 64,000 லிட்டர். கான்கிரீட் தளத்திலும் தகரத்திலும் இந்த அளவு கிடைக்கும். ஓட்டுக் கூரையில் கொஞ்சம் குறையும். ஈயம் கலந்த பெயின்ட் அடித்த கூரை என்றால் அந்த நீரைக் குடிக்க எடுக்கவே கூடாது.

தொட்டியின் அளவை மழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மழையில்லாத நாட்களை வைத்து முடிவு செய்யுங்கள். ஐந்து பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர், தொடர்ந்து 90 நாள் மழை இல்லை என்றால் 4,500 லிட்டர். அவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு பெரிய தொட்டியைக் கட்டிவிட்டு, பாதி காலியாகவே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

முதல் மழை வரும்போது கூரையின் தூசியும் பறவை எச்சமும் சருகும் சேர்ந்து வரும். அதை வெளியே தள்ள வேண்டும். 100 சதுர மீட்டர் கூரைக்கு முதல் 100 முதல் 200 லிட்டரை ஒதுக்குங்கள். இறங்கு குழாயில் ஒரு கிளை எடுத்து, அடியில் மூடி போட்ட நீளமான பைப் ஒன்றை நிறுத்தினால், முதலில் வரும் அழுக்கு நீர் அதில் நிரம்பி நின்றுவிடும். பிறகு வருவது தொட்டிக்குத் திரும்பும். அடிமூடியில் ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை இருந்தால் அடுத்த மழைக்குள் அதுவே வடிந்துவிடும். இந்தத் துளை அடைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு முறை பாருங்கள்.

தொட்டிக்குள் வெளிச்சம் போகக் கூடாது, கொசு போகக் கூடாது. வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும். வழிந்தோடும் குழாயின் வாயிலும் வலை கட்ட வேண்டும். கொசு நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

தொட்டியில் பிடிப்பதா, நிலத்தில் இறக்குவதா?

குடிக்க வேண்டிய அளவு தொட்டியில், மிச்சம் நிலத்தில். கூரை நீரை மணல், ஜல்லி போட்ட வடிகுழி வழியாக இறக்கலாம். தெருவிலும் வாகனம் நிற்கும் தரையிலும் ஓடும் நீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடாதீர்கள். அதில் எண்ணெய் இருக்கும், சாணம் இருக்கும், வண்டல் இருக்கும். மேல்மண் செய்ய வேண்டிய வடிகட்டல் வேலையைத் தாண்டி, அழுக்கை நேராக அடிநிலத்துக்குக் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் அந்தக் கிணற்றை மீட்பது மிகக் கடினம்.

பில் கூடுகிறது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவு எல்லோரும் படுத்த பிறகு மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் முதல் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. மீட்டர் இல்லாத வீட்டில் மாடித் தொட்டியின் நீர்மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து இதையே செய்யலாம்.

முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் மேல் இருக்கட்டும். அதில் சில சொட்டு வண்ணம் கலந்து, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் வண்ணம் தெரிந்தால் அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். சத்தமே இல்லாமல் ஒழுகுவதால் இது பல மாதம் யார் கண்ணிலும் படாது. சொட்டும் குழாயையும் அலட்சியம் செய்யாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளைக்கு 20 முதல் 30 லிட்டர். பேரிடர் முகாமில் ஒருவருக்கு ஒரு நாள் முழுக்கக் கொடுப்பதைவிட அது அதிகம்.

குடிதண்ணீரைச் சுத்தம் செய்ய நம்பகமான, செலவு குறைந்த வழி எது?

எதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தது. கிருமிதான் பிரச்சினை என்றால் நான்கு வழிகள் நன்றாகச் சோதிக்கப்பட்டவை.

கொதிக்க வைப்பது எல்லோருக்கும் தெரியும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் வசிப்பவர்கள் மூன்று நிமிடம் விட வேண்டும். கால் மணி நேரம் கொதிக்க விடுவது எரிபொருளைத்தான் வீணாக்கும்.

குளோரின் இரண்டாவது வழி. ப்ளீச்சிங் பவுடரில் குளோரின் 25 சதவீதம் இருந்தால், 1,000 லிட்டருக்கு 8 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேரும். பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் காத்திருந்து சோதித்தால் லிட்டருக்கு 0.5 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். கலங்கலான நீரில் இது சரியாக வேலை செய்யாது, முதலில் தெளிய வையுங்கள். திறந்து வைத்த பொட்டலம் வாரக்கணக்கில் கிடந்தால் வீரியம் போய்விடும். போன வருடம் வாங்கிய மூட்டையை நம்பிக் குடும்பத்துக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, சூரிய ஒளி. இரண்டு லிட்டர் வரை கொள்ளும் நிறமற்ற பெட் பாட்டிலில் தெளிந்த நீரை நிரப்பி, படுக்க வைத்து, நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் விடுங்கள். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள்.

நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: மெதுமணல் வடிகட்டி. முக்கால் மீட்டர் அளவுக்கு நுண்மணல், அதன் கீழே ஜல்லி, மேலே எப்போதும் நீர் நிற்க வேண்டும். மணலின் மேற்பரப்பில் சில வாரங்களில் வழவழப்பான பழுப்பு நிறப் படலம் ஒன்று உருவாகும். விரலால் தொட்டால் ஜெல்லி மாதிரி இருக்கும். பார்க்க அழுக்காகத் தெரிவதால் புதிதாகக் கட்டியவர்கள் உடனே அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் கிருமிகளைத் தின்பது அந்தப் படலத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தான். நீர் இறங்கும் வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மட்டும் மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எடுத்தால் போதும். மணிக்கு 10 முதல் 20 செ.மீ. வேகத்தில்தான் நீர் இறங்க வேண்டும், அதைவிட வேகமாக விட்டால் பயன் குறையும். நடுவில் காயவிட்டால் படலம் செத்துப்போய், எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியிருக்கும்.

இது பழைய முறை என்று ஒதுக்குபவர்களுக்கு 1892இல் ஹாம்பர்க்கில் நடந்ததைச் சொல்வேன். ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் விநியோகித்தது. ஒட்டியே இருந்த அல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் சாக்கடை கலந்த பிறகு வரும் நீரை எடுத்தது, ஆனால் மணலில் வடிகட்டிக் கொடுத்தது. அந்த ஆண்டு காலராவில் ஹாம்பர்க்கில் 8,600 பேர் இறந்தார்கள். அல்டோனா பெருமளவு தப்பியது. இரண்டு நகரங்களுக்கும் எல்லையாக இருந்த தெருவில்கூட ஒரு பக்கத்து வீடுகளில் நோய் இருந்தது, எதிர்ப்பக்கத்து வீடுகளில் இல்லை.

ஆர்ஓ இயந்திரம் வேண்டுமா?

உப்பு, ஃப்ளோரைடு, ஆர்சனிக், நைட்ரேட் போன்றவை அளவுக்கு மேல் இருந்தால் வேண்டும். அவற்றைக் கொதிக்க வைத்தும் குளோரின் போட்டும் நீக்க முடியாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகள்: ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி., நைட்ரேட் 50 மி.கி., ஆர்சனிக் 0.01 மி.கி. ஒரு ஆய்வகத்தில் சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இயந்திரம் விற்க வருபவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும். அதில் எண் குறைவாக இருக்கும் நீரில் கிருமி நிறைய இருக்கலாம், எண் கூடுதலாக இருக்கும் நீர் குடிக்க நல்லதாகவும் இருக்கலாம்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் அதிலிருந்து வெளியேறும் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். தரை துடைக்க, கழிப்பறையில் ஊற்ற அது தாராளமாக ஆகும். உப்பு கூடுதல் என்பதால் செடிக்கு ஊற்றாமல் இருப்பது நல்லது.

குளித்த நீரையும் துவைத்த நீரையும் மறுபடி பயன்படுத்தலாமா?

கட்டாயம் பயன்படுத்தலாம். கழிப்பறை நீர் கலக்காத இந்த நீரைச் சாம்பல் நீர் என்பார்கள். ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் நீரில் பாதிக்கு மேல் இதுதான். கழிப்பறை நீரோடு கலந்துவிட்டால் எல்லாமே மலநீர் ஆகிவிடும், பிறகு அந்த முழு அளவையும் பெரிய செலவில் சுத்தம் செய்ய வேண்டும். அதனால் வீடு கட்டும்போதே குளியலறைக் குழாயையும் கழிப்பறைக் குழாயையும் தனித்தனியாக வெளியே கொண்டு வாருங்கள். இப்போது மறுபயன்பாடு செய்யும் எண்ணம் இல்லாவிட்டாலும் பிரித்து வையுங்கள். கட்டும்போது சில மீட்டர் பைப்தான் கூடுதல் செலவு. பின்னால் நினைத்தால் டைல்ஸை உடைக்க வேண்டும்.

பயன்படுத்தும்போது ஒரு விதியை மீறவே கூடாது: இந்த நீரைச் சேர்த்து வைக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். நான் தொடக்கத்தில் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. குளித்த நீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்து, வாரக் கடைசியில் தோட்டத்துக்கு விடலாம் என்று ஏற்பாடு செய்தேன். மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது நீர் கறுத்து, மேலே நுரைத்த ஏடு படிந்து, அழுகிய முட்டை வாசம் அடித்தது. சோப்பும் தோல் அழுக்கும் நுண்ணுயிர்களுக்கு உணவு. உள்ளே இருந்த ஆக்ஸிஜன் தீர்ந்ததும் அது சாக்கடையாகவே மாறிவிட்டது. அந்தப் பீப்பாயை எடுத்துவிட்டு, குழாயை நேராக மரத்தடிக்கு விட்ட பிறகு வாசமும் இல்லை, வேலையும் இல்லை.

மரத்தடியில் எப்படி விடுவது? மரத்தின் அடித்தண்டை ஒட்டி வேண்டாம். கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாக ஒரு முழ ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, மரச்சீவலும் காய்ந்த இலையும் நிரப்புங்கள். குழாய் வாய் அந்தச் சருகுக்குள் மறைந்திருக்க வேண்டும். நீர் மேலே தேங்கக் கூடாது, கண்ணுக்கே தெரியக் கூடாது. சருகு ஓராண்டில் மக்கிப் போகும், புதிது போடுங்கள். தூவல் குழாயில் தெளிக்காதீர்கள், நீர்த்துளியோடு கிருமியை மூச்சில் இழுக்க நேரும். பழ மரத்துக்கு நல்லது. பச்சையாகத் தின்னும் கீரைக்கும் கிழங்குக்கும் வேண்டாம். குழந்தையின் மலத்துணி அலசிய நீர் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும், சாம்பல் நீரில் சேர்க்கக் கூடாது.

துவைக்கும் இயந்திரத்தில் ஏற்கெனவே ஒரு பம்ப் இருக்கிறது. அதன் வெளியேற்றுக் குழாயில் இருவழி வால்வு ஒன்று வைத்தால் ஒரு பக்கம் தோட்டம், இன்னொரு பக்கம் சாக்கடை. மழைக்காலத்திலும், ப்ளீச் போட்டுத் துவைக்கும் நாளிலும் சாக்கடைப் பக்கம் திருப்பிவிடலாம். தோட்டம் வீட்டைவிட உயரத்தில் இருந்தால் இந்த ஏற்பாடு சரிவராது, பம்ப் திணறிக் கெட்டுவிடும்.

சோப்பு நீர் மண்ணைக் கெடுக்காதா?

சோப்பைவிட அதிலுள்ள சோடியத்தைக் கவனியுங்கள். சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்துவிடும், மண் இறுகி நீர் இறங்காமல் போகும். பவுடர்களில் சோடியம் உப்புகள் அதிகம், திரவ சோப்பில் பொதுவாகக் குறைவு. போரான் சேர்ந்தது செடிக்கு நஞ்சு. ஒரே இடத்தில் விடாமல் மரத்துக்கு மரம் மாற்றிவிடுங்கள், மழை பெய்யும்போது உப்பு அலசிப் போய்விடும். இலை நுனி பழுப்பாகக் கருகத் தொடங்கினால் அந்த இடத்துக்குச் சில வாரம் நல்ல தண்ணீர் விடுங்கள்.

சமையலறைத் தொட்டி நீர்?

அதில் எண்ணெயும் உணவுத் துணுக்கும் இருக்கும். கொழுப்புப் பிடிக்கும் சிறு தொட்டி ஒன்று வைக்காமல் மண்ணுக்கு விட்டால் சில வாரத்தில் அடைத்துக்கொள்ளும், எலியும் வரும். கஷ்டப்பட்டு இதையும் சேர்க்க வேண்டியதில்லை. கழிப்பறைக் குழாயோடு விட்டுவிடுங்கள். காய் கழுவிய நீரைத் தனியாகப் பிடித்துச் செடிக்கு ஊற்றுங்கள், அது போதும்.

செப்டிக் டேங்க் உண்மையில் என்ன செய்கிறது?

கனமானதை அடியில் படிய வைக்கிறது, எண்ணெயை மேலே மிதக்க விடுகிறது, நடுவில் இருக்கும் நீரை வெளியே அனுப்புகிறது. அடியில் படிந்த கசடைக் காற்றில்லா நுண்ணுயிர்கள் மெதுவாகக் கரைக்கின்றன. அவ்வளவுதான் அதன் வேலை. வெளியே வரும் நீர் கிருமியோடுதான் வருகிறது, பார்க்கத் தெளிவாக இருந்தாலும். மீதிச் சுத்தம், அந்த நீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண்ணில்தான் நடக்கிறது. அதனால் டேங்கின் நீரைத் திறந்த வாய்க்காலில் விடுவது பாதி வேலையோடு நிறுத்திவிடுவதுதான்.

நல்ல டேங்குக்கு இரண்டு அறை இருக்கும், முதல் அறை மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. நீர் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், உள்ளே நிற்க வேண்டும். நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் டி வடிவக் குழாய் வேண்டும். இந்த டி குழாயை நான் அழுத்திச் சொல்வேன். பத்தாண்டாக ஓடிக்கொண்டிருந்த ஒரு டேங்கை, உறிஞ்சுகுழி பொங்குகிறது என்று திறந்து பார்த்தோம். மேலே ஒரு சாண் தடிப்பில் ஏடு ரொட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. வெளியேறும் வாயில் வெறும் துளை மட்டும்தான், டி குழாய் பொருத்தவே இல்லை. ஏடு துண்டு துண்டாக உடைந்து நேராக உறிஞ்சுகுழிக்குப் போய், ஜல்லியின் இடுக்குகளை எல்லாம் அடைத்திருந்தது. அரை மணி நேரத்தில் பொருத்தியிருக்க வேண்டிய ஒரு துண்டுக் குழாய் இல்லாமல் ஒரு குழியையே புதிதாகத் தோண்ட வேண்டி வந்தது.

கசடை அளக்க ஒரு நீளக் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடிவரை இறக்கி, சில நிமிடம் வைத்து எடுங்கள். கறுப்பாக ஒட்டியிருக்கும் உயரம்தான் கசடு. அது ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் கசடை உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இது இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை வரும். நிரம்பி வழியும்வரை காத்திருப்பது தவறு. வழியும்போது உறிஞ்சுகுழி ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும்.

டேங்கில் போட பாக்டீரியா பவுடர் விற்கிறார்களே?

வேண்டாம். தேவையான நுண்ணுயிர்கள் நாள்தோறும் நம்மிடமிருந்தே போகின்றன. கடுமையான ஆசிட் ஊற்றிக் கழிப்பறையைக் கழுவாமல் இருந்தால் அவை நன்றாகவே வேலை செய்யும்.

அடைப்பு எடுக்க ஒருவர் உள்ளே இறங்கினால் என்ன?

இறங்கவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேர்ந்திருக்கும், ஆக்ஸிஜன் இருக்காது. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாசம் வரும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாசம் இல்லை, பயமில்லை என்று நினைத்து இறங்குபவர் இரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். பல விபத்துகளில் இரண்டு மூன்று பேர் சேர்ந்தே இறந்திருப்பது இப்படித்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் ஆபத்து, மீத்தேன் வெடிக்கும். மேலிருந்து குழாய் விட்டு உறிஞ்சும் வண்டி மட்டுமே வழி. வண்டி வர முடியாத இடத்தில் டேங்க் கட்டாதீர்கள். கூலிக்கு யாரையாவது இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் உரக்கவே மறுத்துவிடுங்கள். ஒரு டேங்குக்காக ஒரு மனிதர் சாகக் கூடாது.

உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும்?

30 மீட்டர் என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. கிணறு மேட்டுப் பக்கத்திலும் குழி பள்ளத்துப் பக்கத்திலும் இருக்கட்டும். தூரத்தைவிட முக்கியம், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே ஒன்றரை இரண்டு மீட்டர் ஈரமற்ற மண் இருப்பது. கிருமி சாவது அந்த மண்ணில்தான். மழைக்காலத்தில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆழத்தை முடிவு செய்ய வேண்டும், கோடையில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பாறை வெடிப்பு உள்ள நிலத்தில் 30 மீட்டரும் போதாது. வெடிப்பு வழியாக நீர் வடிகட்டப்படாமலேயே ஓடிவிடும்.

கல்வாழை, நாணல் நட்டுக் கழிவுநீரைச் சுத்தம் செய்கிறார்களே, அது நம்பகமானதா?

நம்பகமானதுதான், சரியாகக் கட்டினால். நீர் புகாத தரையுள்ள, 60 செ.மீ. ஆழத்தில் ஜல்லி நிரப்பிய படுகை அது. நீர் ஒரு முனையில் நுழைந்து, ஜல்லிக்கு நடுவே மூன்று நான்கு நாள் ஊர்ந்து, மறுமுனையில் வெளியேறும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஐந்து பத்து செ.மீ. கீழேயே நிற்கும். அதனால் கொசு இல்லை, வாசம் இல்லை. செடிதான் சுத்தம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். முக்கிய வேலை ஜல்லியின் மேல் படர்ந்திருக்கும் நுண்ணுயிர்ப் படலத்தினுடையது. வேர் அதற்கு இடமும் கொஞ்சம் காற்றும் கொடுக்கிறது.

வெப்பமான இடங்களில் சாம்பல் நீருக்கு மட்டும் என்றால் ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் இடம் போதும். கழிப்பறை நீரும் சேர்ந்தால் இரண்டு மூன்று மடங்கு, அதுவும் செப்டிக் டேங்கைத் தாண்டி வந்த பிறகு. நேராக விட்டால் நுழைவாயில் ஜல்லி ஓராண்டுக்குள் அடைத்துவிடும். தோற்றுப்போன படுகைகளில் நான் பார்த்த காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான். வெளியே வரும் நீரைக் கழிப்பறை ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் எடுக்கலாம். ஃப்ளஷுக்கு எடுத்தால் அந்தக் குழாய்க்கு வேறு நிறம் கொடுங்கள். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதற்கு ஊதா நிறம். பல ஆண்டு கழித்து வரும் பிளம்பர் தெரியாமல் குடிநீர்க் குழாயோடு இணைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிக்கவும் முடியுமாமே?

முடியும். நமீபியாவின் வின்ட்ஹூக் நகரம் 1968இலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்த்துக் கொடுக்கிறது. சிங்கப்பூர் 2003இல் நியூவாட்டர் என்ற பெயரில் தொடங்கியது, அதில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. இவையெல்லாம் பல அடுக்குச் சுத்திகரிப்பும் ஓயாத சோதனையும் நடக்கும் பெரிய நிலையங்கள். வீட்டளவிலோ தெருவளவிலோ யாரும் இதை முயலக் கூடாது. நமக்குத் தேவையும் இல்லை, குடிக்க வேண்டாத வேலைக்கே அந்த நீர் முழுவதும் தேவைப்படும்.

தெருவே சேர்ந்து கழிவுநீரைக் கையாள முடியுமா? அரசு வராமல் நடக்குமா?

வீட்டு வாசல்வரையும் தெருக்கோடிவரையும் மக்களால் செய்ய முடியும் என்று கராச்சியின் ஒராங்கி பகுதி காட்டியது. 1980இல் சமூக வளர்ச்சிப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் அங்கே வேலையைத் தொடங்கியபோது கழிவுநீர் சந்துகளில் திறந்தே ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊர் முழுவதையும் ஒரே திட்டத்தில் சேர்க்கவில்லை. ஒரு சந்து, அதில் இருபது முப்பது வீடு, அதுதான் அலகு. அந்த வீட்டுக்காரர்களே பணம் போட்டு, தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, குழாய் பதித்தார்கள். வரைபடமும் மட்டம் பார்க்கும் கருவியும் பயிற்சியும் அவருடைய குழு கொடுத்தது. ஒப்பந்ததாரர் இல்லாததாலும் வடிவமைப்பை எளிமையாக்கியதாலும் செலவு பல மடங்கு குறைந்தது. பெரிய குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் வேலை என்று தெளிவாகப் பிரித்துவைத்தார்கள். அந்தப் பிரிப்பு நியாயமானது. 2010இல் ஐ.நா. பொதுச்சபை தண்ணீரையும் துப்புரவையும் மனித உரிமை என்று ஏற்றது. தெரு தன் பங்கைச் செய்வதால் அரசு தன் பங்கைக் கைகழுவிவிட முடியாது.

பிரேசிலிலும் 1980களில் குறுகிய சந்துகளுக்கு ஏற்ற முறை ஒன்றை உருவாக்கினார்கள். வண்டி போகாத கொல்லைப்புறம் வழியாகவும் நடைபாதைக்கு அடியிலும் சிறிய குழாயை அதிக ஆழம் இல்லாமல் கொண்டு போனார்கள். சாலைக்கு நடுவே ஆழமாகத் தோண்ட வேண்டியதில்லை என்பதால் செலவு குறைந்தது. எந்தப் பாதையில் குழாய் போவது என்பதை அந்தந்த வீட்டார் கூடி முடிவு செய்தார்கள்.

கட்டுவதைவிட நடத்துவதுதான் கடினம். மாதம் ஒரு சிறு தொகை எல்லா வீட்டிலிருந்தும் வர வேண்டும், வசூலும் செலவும் எல்லோர் பார்வையிலும் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை மூடிகளைத் திறந்து பார்க்கப் பெயர் சொல்லி ஒருவர் வேண்டும், அதற்குக் கூலியும் வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்ட இடங்களில் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மூடிகளுக்கு அடியில் குப்பை சேர்ந்துவிட்டது.

ஒரு வீட்டார் மட்டும் சேர மறுத்தால்?

அநேகமாக எல்லாத் தெருவிலும் ஒரு வீடாவது மறுக்கும். முதலில் காரணத்தைக் கேளுங்கள். பணமா, குழாய் தங்கள் இடத்து வழியாகப் போகிறது என்பதா, பழைய மனக்கசப்பா என்று தெரிந்தால் பாதி தீரும். பணம் என்றால் தவணையாகவோ உழைப்பாகவோ வாங்கிக்கொள்ளலாம். எப்படியும் அந்த வீட்டின் முன்னால் ஒரு இணைப்பு வாயை வைத்து, மூடியிட்டு, மற்ற வேலையை முடித்துவிடுங்கள். அவர்களைத் தெருவில் வைத்து அவமானப்படுத்த வேண்டாம். பக்கத்து வீடுகளின் முன்னால் ஈரமும் கொசுவும் இல்லாமல் போய், தங்கள் வாசலில் மட்டும் கழிவுநீர் ஓடுவதைப் பார்க்கும்போது பெரும்பாலானவர்கள் தாங்களாகவே வந்து கேட்பார்கள். அன்றைக்கு மண்வெட்டியால் ஒரு அடி தோண்டி, மூடியைக் கழற்றி, குழாயைச் சொருகினால் போதும்.